டேங்க் ஓட்டுகிறவனுக்கு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அக்காவும் நலம், உன் நலத்தை மட்டும் பத்திரிகைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. படையில் சேர்ந்த புதிதில் என்ன எழுதினாய்? பயப்படாதே அம்மா, என்னை டேங்க் ஓட்டப் போட்டிருக்கிறார்கள் என்றுதானே? டேங்க் என்றால் எனக்குத் தெரிந்தது மொட்டைமாடியில் இருப்பதும், குழாயில் தண்ணீர் வராத நாளில் தெருமுனைக்கு வரும் லாரியும்தான். அப்பாடா, பிள்ளை பட்டாளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறான் என்று நான் தையல்கடை முழுக்கச் சொல்லி வைத்தேன். போதாக்குறைக்கு, மூடியைத் திறந்து போடாதே, பாசி பிடிக்க விடாதே, ஒழுகினால் உடனே அடைத்துவிடு என்று உனக்குப் பக்கம் பக்கமாகப் புத்தி வேறு சொன்னேன். நீயும் கல்லுளிமங்கன் மாதிரி, சரிம்மா, தினமும் கழுவுகிறேன் என்று பதில் போட்டாய். உன் கூட்டாளிகளோடு சுற்றி உட்கார்ந்து என் கடிதத்தைப் படித்துச் சிரித்திருப்பாய். சிரி, சிரி, நேரில் வா, காதைத் திருகுகிறேன்.

போன வாரம் மருந்துக்கடைக்காரர் பத்திரிகையும் கையுமாகக் கடைக்கே ஓடிவந்தார். "அக்கா, பையன் தண்ணி வண்டி ஓட்டுறான்னு சொன்னீங்க, இதுல பீரங்கி வச்ச வண்டி மேல இல்ல நிக்கிறான்" என்றார். படத்தில் முகமெல்லாம் கரி, ஆனால் அந்த விடைத்த காது யாருடையது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? நம் படை ஆற்றைத் தாண்டி முன்னேறியபோது உங்கள் அணிதான் முதலில் போனதாம். காலாட்படைப் பையன்கள் சிலர் அடிபட்டு வெட்டவெளியில் மாட்டிக்கொள்ள, நீங்கள் வண்டிகளை அவர்களுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தி, குண்டு வந்து விழ விழ, கடைசி ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நகரவில்லையாம். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தத் தெரியாமல் எதிர்வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன், அவ்வளவு பெரிய வண்டியைச் சரியான இடத்தில் நிறுத்தினாயாமே! அப்பா படத்தைப் பார்த்து அசரவே இல்லை. பஸ் பணிமனை மெக்கானிக் ஆயிற்றே, உன் முதல் கடிதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டதாம். கேட்டால், "நீ நிம்மதியா இருந்தே, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்கிறார். செய்தி நேரம் வந்தால் மனிதர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவதை, வாயுத் தொல்லை என்று நினைத்து நான் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வந்த கடிதத்தில், படத்தைப் பார்த்துவிட்டாயா அம்மா, என்மேல் கோபமா என்று கேட்டிருக்கிறாய். கடையில் எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபம் இல்லையடா, பயம். அடுத்த முன்னேற்றத்துக்கு மறுபடியும் கிளம்புவதாக எழுதியிருக்கிறாய், உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லிப் பின்னால் இருந்துவிடு என்று எழுதக் கை பரபரக்கிறது. எழுதியும் விட்டேன், அந்தத் தாளைக் கிழித்தும் போட்டேன். அன்று வெட்டவெளியில் கிடந்த பையன்களும் வீட்டில் ஒரு அம்மாவை விட்டுவிட்டுத்தானே வந்திருப்பார்கள்.

ஈரக் காலுறையோடு படுக்காதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே எழுது, பூசி மெழுகாதே. நீயும் உன் வண்டியில் இருக்கிற பிள்ளைகளும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். போ என்று என் வாயில் வராது. போய்விட்டு வா என்றுதான் எழுதுகிறேன், அதில் பின்பாதியைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்.

வழிமேல் விழி வைத்திருக்கும்,
அம்மா