பத்த வைக்கிற வேலை

இன்னும் கோபம் தீராத அக்காவுக்கு,

உலகத்தாருக்கு அறிவிப்பது என்னவென்றால், உன் தம்பி இன்று தன் கையாலேயே ஒரு இரும்புக் கேட்டுக்குக் கொண்டி பற்றவைத்தான். அடுத்தவன் பைக்கைப் பத்த வைத்தவனை வெல்டிங் பட்டறைக்கே அனுப்பிய நீதிபதிக்குக் குறும்பு என்னைவிட அதிகம்.

மதியம் பழைய கூட்டாளி மொட்டை வந்தான்.

"போலீஸ்கிட்ட என்னைப் பத்த வச்சதும் நீதானடா?"

இரும்புக் குழாயால் என் தோளில் போட்டான். குறுக்கே வந்த முதலாளிக்கு நெற்றி கிழிந்து, ரத்தம் கண்ணை மறைத்தது. வளைப்பதற்காகக் காய்ச்சிய கம்பி என் கையில் சிவந்திருந்தது. அவன் கழுத்து எட்டும் தூரத்தில். இனி யாரையாவது அடித்தால் மறுபடி உள்ளேதான் என்று கோர்ட்டில் சொன்னது உனக்கும் தெரியும்.

நான் குத்தவில்லை அக்கா. கம்பியைக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கையாலேயே அவனைச் சாய்த்தேன். பட்டறையே கைதட்டியது.

சரி, உன்னிடம் என்ன மறைப்பது. குத்தத்தான் ஓங்கினேன். கை வழுக்கி, கம்பி என் காலிலேயே விழுந்தது. அலறிக்கொண்டு அவன்மேல் சரிந்தேன். முதலாளிதான் அவனை அமுக்கிப் பிடித்தார். விசாரிக்க வந்த நன்னடத்தை அதிகாரி, "நல்லா அடக்கிக்கிட்டடா தம்பி" என்று முதுகில் தட்டினார். நானும் தலையாட்டிவிட்டேன்.

வெந்த காலும் வேகாத மூளையுமாக,
உன் தம்பி