லூட் பாட்டுக்கு எந்தப் பதிப்பு?

ஜனவரி 9

என் தந்திக்காரருக்கு,

நலம்தானே? தனித்தனி வீட்டில் இருந்தால் நலம்கூட விசாரிக்கக் கூடாதா என்ன. பள்ளி ஆண்டு நிறைவில் என்னைப் பாடச் சொல்கிறார்கள். நீங்கள் லூட் வாத்தியம் வாசிக்க நான் மேடையில் பாடிய அதே பழைய ஆங்கிலப் பாட்டுகள். நம் புத்தகம் தாள் தாளாய் உதிர்ந்துவிட்டது. கடையில் நாலைந்து பதிப்பு இருக்கிறது; எதை நம்பி வாங்குவது? நீங்கள் தந்தியை முறுக்கிக்கொண்டே, "இன்னும் ஒரு நிமிஷம்மா" என்று சபையையே காக்கவைத்த நாட்களெல்லாம் நினைவுக்கு வருகின்றன. வாசிக்க இன்னும் ஆள் முடிவாகவில்லை.

பாட்டு டீச்சர்

ஜனவரி 17

டீச்சரம்மாவுக்கு,

அட்டையைப் பார்த்து ஏமாறாதே. முதலில் கடைசிப் பக்கங்களைப் புரட்டு. பதிப்பாசிரியர் எதை எதை மாற்றினார் என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். பாட்டு வரிக்குக் கீழே, எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்ற எழுத்துக் குறிப்பும் வேண்டும். பியானோவுக்கு மட்டும் மாற்றி எழுதியதைத் தொடாதே. நம் பழைய புத்தகத்துக்காரர், குரலும் தந்தியும் ஸ்வரம் ஒட்டாமல் உரசும் இடங்களை அச்சுப்பிழை என்று திருத்திவைத்தார். அந்த உரசல்தான் பாட்டுக்கு உயிர். வாசிக்க எங்கள் வாத்தியக் கடை முதலாளியிடம் சொல்லிவைக்கிறேன். லூட்டில் கைதேர்ந்தவர்.

தந்திக்காரன்

ஜனவரி 24

புத்தகப் புலிக்கு,

சொன்னபடியே வாங்கிவிட்டேன். உரசும் இடத்தைப் பாடியதும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்லும் ஆள் நீங்கள். முதலாளியையா கேட்டேன்? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் புரியவில்லையே! நீங்கள் வந்து வாசிக்க வேண்டும். வர மனமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

பாட்டு டீச்சர்

ஜனவரி 31

அம்மாடி,

புரியாமல் இல்லை. இடது கை விரல்கள் மடங்குவதில்லை. டாக்டர், "இனி வாசிக்கிறதை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாளியே வாசிக்கட்டும்.

ஆனால் நீ வாங்கியது முழுப் பதிப்பு. பாட்டுக்கு அடியில் தாழ்ந்த ஆண் குரலுக்கும் ஒரு வரி இருக்கும், பார். ஒரே புத்தகத்தை மேஜையில் விரித்து, சுற்றி உட்கார்ந்து பாடுவதற்காக எழுதியவை இவை. நம் பழைய புத்தகத்தில் அந்த வரியையே வெட்டிவிட்டார்கள். என் குரல் கழுதைக்குப் போட்டிதான். இருந்தாலும் கடைப் பிரதியை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஒத்திகைக்குச் சனிக்கிழமை வருகிறேன். எனக்கென்று தனிப் புத்தகம் வாங்கிவிடாதே. உன்னுடையதையே பார்த்துப் பாடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்