அக்கா, அவர்கள் அனுப்பவில்லை

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நேற்று ஹன்னா வாய்விட்டுச் சிரித்தாள். இங்கே வந்த பிறகு இதுதான் முதல் தடவை. தமிழில் எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற என் மகன் கெவின், அவளுக்காகத் தமிழ் பேச முயன்று உளறினான். உக்ரைனில் பிறந்த உன் மகள் நம் நாகர்கோவில் தமிழில் அவனைத் திருத்தினாள். உனக்குச் சொல்ல வேண்டும் என்று உடனே போனைத் தேடினேன், அக்கா.

டாக்டருக்குப் படிக்க உக்ரைன் போனாய். அங்கே இன்ஜினியரிங் படித்த ஆந்த்ரி அத்தானைக் கட்டிக்கொண்டு அங்கேயே மயக்க மருத்துவராக இருந்துவிட்டாய். ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியபோது அங்கே படித்த நம் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பஸ் ஏற்றிவிட்டு, நீ மட்டும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாய். நான் அழுதேன். "ஏட்டி, மயக்கம் குடுத்துப் படுக்க வச்ச ஆளை எழுப்பாம வர முடியுமாட்டி?" என்று கேட்டாய்.

பிறகு அமெரிக்க ஏவுகணைகள் வந்தன. வானத்தில் வருவதை வானத்திலேயே அடிக்கிறவை. அத்தான் அந்தப் படைப்பிரிவில்தான் இருந்தார். "உங்க ஊரு சாமான் வந்த பொறவுதான் பிள்ளை பயப்படாம ஒறங்குகா" என்றாய். அப்போதுதான் நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அந்த வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற ஒருவர், டாலஸ் பக்கம் எங்கள் சர்ச் ஹாலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். நான் எழுந்து உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் மேடையை விட்டு இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உங்கள் அக்கா எங்களுக்கும் அக்காதான், கடைசிவரை கூட நிற்போம் என்றார். ஹாலே கை தட்டியது. என் முதல் ஓட்டு அவருக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் பண்ணினேன். "கண்டிப்பா அனுப்புவாங்கக்கா. என் கையைப் பிடிச்சுச் சொன்னாரு." ஹன்னாவோடு இங்கே வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்ப சரிட்டி, பாப்போம்" என்று அதை நிறுத்திவிட்டாய்.

அவர் ஜெயித்தார். உக்ரைனுக்கான உதவி மசோதா ஓட்டுக்கு வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டார். இது நம்முடைய போர் இல்லை என்று டிவியில் சொன்னார். ஆரம்பத்திலேயே மாட்டோம் என்றவர்கள் மேல் எனக்கு இந்தக் கோபம் இல்லை, அக்கா. அவர்கள் என் கையைப் பிடிக்கவில்லை.

அமெரிக்க ஏவுகணைகள் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. அன்று நீ டியூட்டி முடித்து வீட்டுக்கு வந்திருந்தாய். ஹன்னா பள்ளிக்கூடத்தில். ரஷ்ய ஏவுகணை உன் கட்டடத்தை நோக்கி வருவதை அத்தான் ரேடாரில் பார்த்திருக்கிறார். "லாஞ்சர் இருந்தது, ரெஜி. அதில் போட ஒரு ஏவுகணைகூட இல்லை." இதை இங்கிலீஷில் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். உன்னை அடக்கம் செய்த பிறகு, போலந்து எல்லையில் ஹன்னாவை என் கையில் கொடுத்தபோது. கொடுத்துவிட்டுப் போர்முனைக்கே திரும்பிவிட்டார்.

கடைசி நிமிடம்வரை அந்த உதவி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தாயா?

போன மாதம் ஹன்னாவோடு அந்த மனிதரின் ஆபீசுக்குப் போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அக்கா இறந்துவிட்டாள் என்றேன். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். நான் சொல்லி முடித்ததும், நிலைமை சிக்கலானது என்று தொடங்கினார்.

ஹன்னா என் பக்கம் திரும்பினாள். "சித்தி, கூட நிப்போம்னு சொன்னது இவரா?"

"ஆமா மக்கா."

"இவருக்கு அம்மா பேரு கூடத் தெரியல்லியே."

எழுந்து வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இதை எல்லாரிடமும் சொன்னேன். ஜோசப் அங்கிள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "விட்டுடும்மா. பாலிடிக்ஸ்ல இதெல்லாம் சகஜம். அந்தப் பொண்ணு இங்க தங்குறதுக்குப் பேப்பர்ஸ் வேற அப்ளை பண்ணணும், எதுக்கு வம்பு?" அன்று ஹாலில் எல்லாரையும் விடப் பலமாகக் கை தட்டியவர் அவர்தான். யார் துரோகம் அதிகமாக வலிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

விட மாட்டேன், அக்கா. அவர் அடுத்த தடவை எங்கே ஓட்டுக் கேட்டு வந்தாலும் நான் போய் நிற்பேன். உன் பெயரைச் சொல்லிக் கேட்பேன்.

இன்று காலை தலை பின்னிக்கொண்டிருந்தபோது ஹன்னா கேட்டாள். "அப்பா வந்துருவாருல்லா சித்தி?"

கண்டிப்பா வருவாரு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "தெரியாது மக்கா. நான் இங்கதான் இருப்பேன். அது மட்டும் தெரியும்" என்றேன். அவள் தலையைப் பின்னால் சாய்த்து என் மேல் வைத்துக்கொண்டாள்.

எனக்கே நிச்சயமில்லாத எதையும் உன் மகளிடம் நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
ஹன்னாவின் சித்தி ரெஜி