ஹூக்கா தூக்கும் தலைக்குத் தலைப்பாகை கட்ட மறுத்தவளின் மனு

அனுப்புநர்:
சுக்மிந்தர் கௌர் (கணவர்: லக்பீர் சிங்),
தலைப்பாகை கட்டுபவர், மெஹ்தாப் மேரேஜ் பேலஸ்,
வீடு: குருத்வாராத் தெரு, பக்வாரா, பஞ்சாப்.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
பக்வாரா.

பொருள்: தலைப்பாகையையும் கிர்பானையும் கழற்றிவிட்டு வேலைக்கு வரும்படி கல்யாண மண்டப நிர்வாகம் வற்புறுத்துவது, வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நடவடிக்கை வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜி.டி. சாலையில் உள்ள மேற்படி மண்டபத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். கல்யாணத்துக்கு வரும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் முடியை வெட்டிக்கொண்டவர்கள். தலைப்பாகைத் துணியை எந்த முனையில் பிடிப்பது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனால் போட்டோவில் மட்டும் சிங்கமாக நிற்க வேண்டும். அவர்களுக்குக் கட்டிவிடுவதே என் பணி. நான் அமிர்தம் பெற்று முறைப்படி சீக்கிய தீட்சை ஏற்றவள். என் தலையிலும் தலைப்பாகை உண்டு. தோளில் மாட்டிய வாரில் சாண் நீளம்கூட இல்லாத கிர்பான் என்னும் குறுவாளும் உண்டு. இரண்டையும் ஒளித்துவைத்து நான் வேலைக்குச் சேரவில்லை. முதலாளி சர்தார் குர்நாம் சிங் அவர்கள் என்னைச் சேர்த்துக்கொண்டபோது, "உன் தலையைப் பாத்துதாம்மா வேலை குடுக்கறேன். இம்மிகூட சாயல பாரு," என்றார்.

2. அவர் பக்கவாதத்தில் படுத்தபின் மகன் திரு. அர்மான்தீப் சிங் நிர்வாகத்துக்கு வந்தார். வந்ததும் தோட்டத்துப் பக்கம் விருந்தினர் புகைபிடிக்க ஹூக்கா வைத்தார். அதற்கு அனுமதி உண்டா என்பதை அதற்குரிய அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும். என் முறையீடு வேறு. அந்த ஹூக்காவை மேசைமேசையாகத் தூக்கிச் செல்லும் பணியாளர்களுக்குக் குஞ்சம் வைத்த தலைப்பாகை கட்டிவிடும்படி எனக்கு உத்தரவிட்டார். சீக்கியருக்குப் புகையிலை ஆகாது என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் முடியாது என்றேன். அவர் சிரித்தார். "அக்கா, துணிக்கு என்ன மூக்கா இருக்கு, பொகை ஏறிடும்னு பயப்பட?"

கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களில் நான்கு பேர் பெயருக்குப் பின்னால் 'சிங்' போட்டுக்கொள்பவர்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது, ஐயா. வேற்று மதத்தான் கேலி செய்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

3. மறுவாரமே அந்தப் பணியாளர்களுக்கென்று தொப்பி போல மாட்டிக் கழற்றும் ரெடிமேட் தலைப்பாகைகள் வந்து இறங்கின. அவற்றை வைக்க நிர்வாகம் தேர்ந்தெடுத்த இடம் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டு. பீகாரிலிருந்து வந்து ஹூக்கா தூக்கும் வேலை பார்க்கும் பிந்தேஷ்வர் ஒருநாள் அவற்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அக்கா, தலை அரிக்குது. முந்தாநாள் எவனோ இதாலயே கொழம்பத் தொடச்சிருக்கான். எனக்குச் சோறுதான் முக்கியம், போட்டுக்கறேன். ஆனா நாறுதே!" என்றார். வாங்கிப் பார்த்தேன். பட்டர் சிக்கன், பீர், ஹூக்காவின் ஆப்பிள் வாசனை எல்லாம் ஒன்றாய் வீசின. குழாயடியில் வைத்துத் துவைத்தேன். பிந்தேஷ்வர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தலையில் மாட்டச் சொன்னார்கள், மாட்டினார்.

4. இம்மாதம் முதல் தேதி பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் திரு. அர்மான்தீப் சிங் அனுப்பிய குரல் பதிவு வருமாறு: "சுக்மிந்தர் அக்காவுக்குச் சொல்றேன். கெஸ்ட்டெல்லாம் பயப்படறாங்க. இனிமே கத்தி வேணாம். தலைப்பாகையும் வேணாம், அழகா ஒரு பூப்போட்ட துப்பட்டா போட்டுட்டு வாங்க. உங்க கைக்குத்தான் சம்பளம், தலைக்கு இல்ல."

பயந்த விருந்தினர்கள் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டுவது மூன்றடி வாளால். வாள் நிர்வாகமே வாடகைக்குத் தருவது. குடித்துவிட்டு வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுட்டவர்களும், சுட்டதில் பந்தல் பற்றிக்கொண்டதும் உண்டு. அப்போதெல்லாம் யாரும் பயப்படவில்லை. உறைக்குள் கிடக்கும் என் கிர்பானைக் கண்டுதான் நடுங்கினார்களாம்!

தலைப்பாகையைப் பற்றிய புகார் என்பது இது: கையில் கிளாஸோடு கட்டிக்கொள்ள வந்த ஒரு மாப்பிள்ளைத் தோழர், "டேய், இது அண்ணனாடா, அக்காவாடா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். "எதுவா இருந்தா என்ன தம்பி, உனக்குக் கட்டத் தெரியலையே. கிளாஸக் கீழ வெச்சிட்டுத் தலைய நேரா வை," என்றேன். இதைத்தான் 'விருந்தினரை அவமதித்தல்' என்று என் பேரில் எழுதியிருக்கிறார்கள்.

5. நான் கழற்ற மறுத்ததால் அன்று முதல் பின்கட்டில் எச்சில் தட்டுக் கழுவும் வேலை தரப்பட்டுள்ளது. தட்டுக் கழுவுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. குருத்வாராவில் தினமும் கழுவுகிறேன். அங்கே பெரிய வக்கீலும் என் பக்கத்தில் உட்கார்ந்து கழுவுகிறார். சேவையாக நான் விரும்பிச் செய்வதைத் தண்டனையாகக் கொடுத்திருப்பதுதான் வயிற்றெரிச்சல். இந்தச் சம்பளத்தில்தான் என் மகள் நர்சிங் படிக்கிறாள். கணவர் "விட்டுத் தொலச்சிட்டு வா" என்கிறார். விட்டால் அவள் படிப்பு நின்றுபோகும்.

6. இப்போது இந்த மனுவை எழுத நேர்ந்த காரணம். வரும் ஞாயிறு திரு. அர்மான்தீப் சிங்குக்கே கல்யாணம். காலையில் குருத்வாராவில் சடங்கு, மாலையில் மண்டபத்தில் விருந்து. எங்கள் குருவான கிரந்தத்தின் முன்னால் ரெடிமேட் தொப்பியோடு உட்கார அவருக்கே கூசுகிறதாம். முறையாகக் கட்ட வேண்டுமாம். ஆகவே தட்டுக் கழுவுகிறவளைத் தேடி நேற்று ஆள் வந்தது. வந்த மேலாளர் சொன்னது: "ஞாயித்துக்கெழம விடியக்காலைல வந்துடுங்க. பின்வாசல் வழியா வாங்க. துப்பட்டா மட்டும் போட்டுக்கங்க, வீடியோ எடுப்பாங்க. வந்து கட்டினா பழைய வேலை. இல்லைன்னா திங்கக்கெழம வரவே வேணாம்."

தன் தலையில் ஏற வேண்டிய புனிதம், அதைக் கட்டுகிறவளின் தலையிலிருந்து இறங்க வேண்டுமாம். இதைவிடக் கீழ்த்தரமான ஒன்றை நான் கேட்டதில்லை.

7. கிர்பான் அணிவதும் உடன் வைத்திருப்பதும் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்று அரசியலமைப்பின் 25ஆம் பிரிவின் விளக்கத்தில் இருப்பதாக என்னோடு தட்டுக் கழுவும் மேற்படி வக்கீல் எழுதிக் கொடுத்துள்ளார். தலைப்பாகைக்குச் சட்டம் தேடும் நிலை பஞ்சாபிலேயே எனக்கு வந்துவிட்டதே என்று வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, இரு சின்னங்களோடும் என் பழைய வேலையை நான் தொடர்வதற்கு எழுத்துமூலம் உத்தரவிட வேண்டுகிறேன். ஞாயிறு காலை நான் வேலைக்குப் போவேன். கட்ட மறுக்க மாட்டேன். குருவின் முன் உட்காரப் போகிறவர் யாராக இருந்தாலும் கட்டிவிடுவது என் கடமை. ஆனால் தலைப்பாகையோடும் கிர்பானோடும் முன்வாசல் வழியாகத்தான் போவேன். உள்ளே விடுகிறார்களா, வெளியே தள்ளுகிறார்களா என்பதைக் கண்ணால் பார்க்கத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கல்யாண வீடு, வருகிறவரை வாசலிலேயே பிடித்துக் கையில் தட்டைக் கொடுத்துச் சாப்பிட வைக்கப் பார்ப்பார்கள். அங்கே கை நனைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள், ஐயா.

இடம்: பக்வாரா
நாள்: 20.02.2024

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சுக்மிந்தர் கௌர்