உன் அமெரிக்கக் காரின் வலப்பக்க இருக்கை

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் எஸ்தர் உன் பட்டறையில் காரின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை இழுத்ததும் முதலில் வந்தது வாசம்தான். பெட்ரோலும், வேர்வை ஊறிய பழைய சீட்டும், நீ ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கட்டிப் போடும் பாண்டான் இலையும் சேர்ந்த வாசம். இலை காய்ந்து சுருண்டு கிடந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகியும் அந்த வாசம் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அன்று காலையில் தேவாலயத்தில் உனக்காகப் பூசை. முடிந்ததும் உன் வீட்டில் தங்கச்சி கையால் இடியாப்பம். நான் எண்ணித்தான் சாப்பிட்டேன், பதினாலு. கிளம்பும்போது எஸ்தர் கேட்டாள்: "மாமா, அப்பா வண்டிய ஒரு தடவ மலைக்கு ஏத்தணும். நீங்க பக்கத்துல உக்காருவீங்களா?"

"நான் இல்லாம அந்த வண்டி மலை ஏறுமா லா?" என்றேன்.

அந்தக் காரைப் பற்றி ஊரில் உலவுகிற கதைகளெல்லாம் நான் கட்டியவைதான், உனக்குத் தெரியும். அமெரிக்கத் தூதர் கப்பலில் கொண்டு வந்தது என்பேன். எஞ்சினில் ஐந்நூறு குதிரை என்பேன். உண்மையில் காம்பாரில் ஓர் ஈயச் சுரங்க முதலாளியின் கொட்டகையில் கோழி முட்டையிட்டுக் கொண்டிருந்த வண்டி அது. நீதான் நாலு வருஷம் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி உயிர் கொடுத்தாய். ஒரே எஸ்டேட்டில் ரப்பர் பால் மரத்தடியில் வளர்ந்த நம் இரண்டு பேரில் உனக்கு இரும்பு வசப்பட்டது, எனக்கு வாய். ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் ஈப்போ மார்க்கெட்டில் ஏழு மொழியில் மீன் விற்கிறேன். சரி, நாலரை மொழி.

எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, முன்னால் படகு மாதிரி நீண்ட மூக்கு. எல்லாம் சரி. ஸ்டியரிங்கை மட்டும் அமெரிக்காக்காரன் இடப்பக்கம் வைத்துவிட்டான். நம் நாட்டில் வண்டி ஓடுவதும் சாலையின் இடப்பக்கம்தான். மலை ரோட்டில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்தால், ஓட்டுகிற உனக்கு அதன் முதுகு மட்டும் தெரியும். எதிரே என்ன வருகிறது என்பது வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் தெரியும். அதனால் நமக்குள் ஓர் ஏற்பாடு. நீ "எப்படி?" என்பாய். நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்து "காலி, போ" என்பேன், இல்லையென்றால் "இரு" என்பேன். நான் "போ" என்றால் நீ மறுபேச்சில்லாமல் மிதிப்பாய். வண்டி உறுமிக்கொண்டு பாயும். கீழே சிம்பாங் பூலாயிலிருந்து மேலே கேமரன் மலை வரை மாதம் ஒரு முறை, எத்தனை வருஷம். தேத்தண்ணீர்க் கடையில் கொக்கரித்துச் சொல்வேன், "ஓட்டுறது அவன், ஓட வைக்கிறது நான்" என்று. நீ சிரித்துக்கொண்டே தேத்தண்ணீர் ஆற்றுவாய்.

எஸ்தர் நன்றாகத்தான் ஓட்டினாள். தைப்பிங்கில் பல் டாக்டராக இருக்கிற பெண், கியர் மாற்றுவதில் அப்படியே நீ. சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முன்னால் ஒரு கல் லாரி. எஸ்தர் என் பக்கம் பார்க்காமலே கேட்டாள்: "எப்படி மாமா?"

உன் வார்த்தை. உன் இழுப்பு. எட்டிப் பார்த்தேன். "காலி, போ."

தாண்டியதும் சிரித்தாள். "அப்பாவுக்கு வலது கண்ணு தெரியாதுல்ல, அதான் நீங்க இல்லாம மலைக்கு வரவே மாட்டாரு."

"எந்தக் கண்ணு?"

"வலது கண்ணு மாமா. பட்டறையில கிரைண்டர் பொறி பட்டுச்சே. நான் பள்ளியில படிவம் மூணு படிக்கறப்பவே போயிருச்சு." என் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியாதா? ஓட்ட விட மாட்டாங்கன்னு வெளிய சொல்லல. உங்களுக்கு மட்டும் தெரியும்னு நாங்க நெனச்சோம்."

மச்சான், எனக்குக் காது அடைத்துவிட்டது. எஞ்சின் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் கதை சொல்லும்போது நீ உடம்போடு திரும்பி என்னை முழுசாகப் பார்ப்பாயே, இவனைப் போல என் பேச்சை மதிக்கிறவன் உலகத்தில் இல்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். உனக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. அவ்வளவுதான். நான் பார்க்கவேயில்லை. இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து உன் கண்ணைப் பார்க்காதவன், ரோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

எஸ்தர் விடவில்லை. ஆறுதலுக்குத்தான் சொன்னாள். "அம்மா பயப்படுவாங்க. அப்பா சொல்வாரு, 'கடையில உக்காந்து அவன் ஆயிரம் அளப்பான். ரோட்டப் பாத்துச் சொல்றப்ப ஒரு வார்த்தை பொய் இருக்காது'ன்னு."

அந்தப் பஸ்ஸை நினைத்துப் பார். மழை விட்டிருந்த மத்தியானம், மண் சரிந்த இடத்தில் நீலப் பிளாஸ்டிக் போர்த்தியிருந்த வளைவு. முன்னால் ஒரு லாரி. நான் எஸ்டேட்டில் புலியை விரட்டிய கதையின் நடுவில் இருந்தேன். நீ "எப்படி?" என்றாய். புலி பாயப் போகிற நேரம், கதையை விட மனசில்லை. ரோட்டைப் பார்க்காமலே "காலி, போ" என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன். நீ மிதித்தாய். எதிரே பஸ். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நீ எப்படி நுழைந்தாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் பக்கத்துக் கண்ணாடியை பஸ் தட்டிக்கொண்டு போனது. மேலே போய் வண்டியை ஓரம் கட்டினாய். "கொஞ்சம் கிட்ட வந்துருச்சு லா" என்றாய். நான் பஸ்காரனைத் திட்டினேன். கண்மூடித்தனமாக ஓட்டுகிறான் என்றேன்.

கீழே வந்ததும் கடையில் கதையை மாற்றினேன். பஸ் வளைவில் திரும்பும் முன்பே அதன் நிழலை நான் பார்த்துக் கத்தியதால்தான் பிழைத்தோம் என்று மேஜை தட்டிச் சொன்னேன். கேட்டவர்கள் உன்னைப் பார்த்தார்கள். நீ கோப்பையை வைத்துவிட்டு, "ஆமா, இவன் கண்ணாலதான் நான் உயிரோட திரும்புறேன்" என்றாய். எனக்கு ஒத்து ஊதுகிறாய் என்று நினைத்து உன் முதுகில் தட்டினேன். நீ சொன்னது கதை இல்லை.

மேலே ஏற ஏறப் பனி இறங்கியது. முன்னால் காய்கறித் தோட்டத்துக்குக் கோழி எரு ஏற்றிப் போகும் லாரி. அதன் நாற்றம் சன்னல் வழியாகத் தலைக்கு ஏறியது. எஸ்தர் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்: "எப்படி மாமா?"

எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு சுவர். அதற்குள் ரோடு காலியாகவும் இருக்கலாம். வாயில் "காலி" வந்து நின்றது. அது எப்போதும் முதலில் வந்துவிடுகிற வார்த்தை.

"தெரியலம்மா" என்றேன்.

"என்ன மாமா?"

"தெரியல. இரு."

கால் எடுத்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் எங்களைத் தாண்டிப் பனிக்குள் பாய்ந்து போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அப்போதே சொல்லிவிட்டேன், பஸ் கதையை, இந்தத் தடவை நடந்தபடி. புலிக் கதைக்காக ரோட்டைப் பார்க்காமல் விட்டதையும் சொன்னேன். எஸ்தர் வைப்பரைப் போட்டாள், நிறுத்தினாள், மறுபடி போட்டாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லிருக்கலாம் மாமா" என்றாள். அவ்வளவுதான்.

மலை மேல் கம்போங் ராஜா ஊர் வரை அந்த எரு லாரிக்குப் பின்னாலேயே ஏறினோம். அடுத்த வளைவில் அவள் மறுபடியும் "எப்படி?" என்று கேட்டாள். கேட்டாளே, மச்சான். இடுப்பு வரை சன்னலுக்கு வெளியே சாய்ந்து பார்த்துச் சொன்னேன், "இரு" என்று.

மறுநாள் கடையில் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்நூறு குதிரை மலையில் என்ன செய்தது என்று கேட்டார்கள். ஒரே ஒரு லாரியைத் தாண்டினோம், மீதி தூரம் இருபது கிலோமீட்டர் வேகத்தில் கோழி எருவுக்குப் பின்னால் போனோம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏதோ மறைக்கிறேனாம்.

நீ இருந்திருந்தால் நம்பியிருப்பாய். நான் எது சொன்னாலும் நம்பியிருப்பாய்.