தலைகீழாகத் தொங்கும் நீலக் குடை

ஹினோகுச்சி ரயில் நிலையம்,
ஒகயாமா.

அன்புள்ள நட்சுஹோ,

ஜூன் 9, செவ்வாய், காலை 6.42. பிளாட்ஃபார்ம் கூரையில் தகைவிலான் குருவிக்கூடு. குஞ்சுகள் ஐந்து. பயணிகள் தலையில் எச்சம் விழாமலிருக்கக் கூட்டுக்குக் கீழே தலைகீழாகக் கட்டிய குடை ஒன்று. நீல நிறம், பிடியில் வெள்ளைக் கோடு. உன் பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்த குடை.

நான் நலம். அதாவது 6.41 வரை நலம்.

குடை ரயிலில் தொலைந்துவிட்டது என்று ஏப்ரலில், நிகாட்டா ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும் முன், சொன்னாய். சாப்பாட்டு வேளையெல்லாம் தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தியவன் நான்.

சிக்னல் பெட்டியைச் சரிபார்க்க வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். டிக்கெட் வாசலில் நிற்கும் இசோகாய் வந்தான். அதே வெள்ளைக் கையுறை, அதே சிரிப்பு. "என்னப்பா குவபரா, குடைய இப்படி மொறைக்கிற? குஞ்சு பயந்துடும்" என்றான். யார் கொடுத்தது என்று கேட்டேன். "நட்சுஹோதான். குருவிக்கா குடுத்தேன்னு கத்துவாரு, அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னு வேற சொன்னாங்க" என்றான்.

நான் கத்தவில்லை. மேலே ஐந்து வாய்கள் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தன.

ஆனால் என்னைக் குடும்பப் பெயரால் குவபரா என்கிறவன் உன்னை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், நட்சுஹோ. குடும்பப் பெயரை விட்டு உன் பெயருக்கு வர எனக்கு ஒரு வருடம் ஆனது. அவனுக்கு ஒரு குடை போதுமா?

அதோடு விடவில்லை. "குஞ்சுங்க பறந்ததும் கழுவி, நிகாட்டாவுக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கப்போறேன். லீவும் போட்டாச்சு" என்றான். குடை கொடுக்க ஒரு லீவு! கூரியர்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? விளையாட்டுக்குச் சொன்னானா, தெரியாது. சோதித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை.

அங்கே ஆஸ்பத்திரி வேலை எப்படி? இரவு முறை குறைந்ததா? ஒழுங்காகச் சாப்பிடு.

ஒருவருக்கான வீடா, இருவருக்கான வீடா, இருபதாம் தேதிக்குள் சொல், இல்லாவிட்டால் ஒருவருக்கே எடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தாயிற்று.

இனி நான் செய்யப்போவது:

1. இன்றே கடையில் ஒரு பிளாஸ்டிக் குடை வாங்கி அங்கே கட்டுவேன். குஞ்சுகளுக்கு நிறம் முக்கியமில்லை.

2. உன் குடையை நானே கழுவுவேன். இசோகாய் லீவு நாளில் வீட்டில் படுத்துத் தூங்கட்டும்.

3. நிகாட்டாவுக்கு இடமாற்றம் கேட்டு மதியத்துக்குள் எழுதிக் கொடுப்பேன். தராவிட்டால் வேலையை விடுவேன். அந்த ஊரிலும் சிக்னல் இருக்கிறது.

4. சனிக்கிழமை குடையோடு வந்து இறங்குவேன். இருவருக்கான வீட்டைப் பார்த்து வை.

அதுவரை மழை பெய்தால், தயவுசெய்து நனைந்துகொண்டே போ. வேறு யார் குடைக்குள்ளும் போகாதே.

உன்,
தகுமி