ஒரு பக்கம் தூக்கிய ஜீப்

9 ஜூன், திங்கள்
தம்பி செல்வகுமாரின் வலது பாதத்தின்மேல் ஜீப் இறங்கிவிட்டது. சாரம் ஏரியாவில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில், என் கண்ணெதிரே.

பின்சக்கரத்தில் சத்தம் என்று குருசுக்குப்பம் கோபிநாத் விட்டுப்போன வண்டி. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டு, அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டுச் சத்தம் கேட்பது எங்கள் வழக்கம். நான் உள்ளே உட்கார்ந்து கியர் போட்டேன். அவன் சக்கரத்தருகே காது கொடுத்தான். வண்டி ஜாக்கியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தது.

பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலைக் கோபிநாத் போன வருடமே வேறு வகைக்கு மாற்றியிருக்கிறானாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலியே" என்கிறான். படுபாவி.

10 ஜூன்
இரண்டு எலும்பு முறிவு. நாளை ஆபரேஷன். கோபிநாத் ஆப்பிளும் கையுமாக வந்தான். வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

12 ஜூன்
கோபிநாத் மேல் போலீஸில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். முதலில் எனக்கே தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல். அதன் குறை — பிடிப்பில்லாத சக்கரம் சும்மா சுற்றும், மற்றது நகராது. அந்தக் குறையை நம்பித்தான் நாங்கள் ஒரு பக்கம் தூக்குகிறோம். கோபிநாத் இந்த ஜீப்பால் மணலில் படகு இழுக்கிறவன். ஒரு சக்கரம் புதைந்து சுற்றினால் படகு அசையாது. அதனால் லிமிடெட் ஸ்லிப் என்கிற வகை டிஃபரன்ஷியல் போட்டிருக்கிறான். ஒரு சக்கரம் தனியாகச் சுற்றப் பார்த்தால், உள்ளே இருக்கும் பிளேட்டுகள் இறுகி மற்றதற்கும் இழுவை கொடுக்கும். தரையில் நின்ற சக்கரத்துக்குக் கொடுத்தது. வண்டி கிளம்பிவிட்டது. இதைச் சொல்ல வாய் இல்லையா அவனுக்கு?

14 ஜூன், சனி
மழை. புகாரில் எதுவும் விட்டுப்போகக்கூடாது என்று ஜீப்பை உப்பளம் பக்கம் நானே ஓட்டினேன். நேர் ரோட்டில் சத்தமே இல்லை. மெதுவாகத் திருப்பினால் பின்னால் கடகட. முன்பக்கம் வளைய மாட்டேன் என்று நேராகவே போகப் பார்க்கிறது. ஈர வளைவில் ஆக்சிலேட்டர் கொடுத்தேன். பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகப் பிடிப்பை விட்டு, பின்பக்கம் வெளியே வழுக்கியது. இது நான் நினைத்த மாதிரி சக்கரத்துப் பேரிங் கோளாறு இல்லை. பிளேட்டுக்கு உரிய ஆயில் இல்லாமல் சாதா கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள், அதான் திரும்பும்போது பிளேட்டுகள் கடகடக்கின்றன.

ஓரமாக நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாளாக ஒன்றை எழுதாமலே இருக்கிறேன். திங்களன்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து செல்வகுமார் சொன்னான்: "அக்கா, திரும்புறப்பதான் சத்தம் வருது. டிஃபரன்ஷியல் மாதிரி தெரியுது. ரெண்டு பக்கமும் தூக்கிப் பாத்துடலாமா?"

நான் என்ன சொன்னேன்? "பேரிங்தான்டா. எனக்கே கத்துக்குடுக்காத. ஒரு பக்கம் தூக்கு."

15 ஜூன்
அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று ஆஸ்பத்திரியில் அவனைக் கேட்டேன். "நானேதான் ஒரு பக்கம் தூக்குனேன்னு சொல்லிட்டேன். வுடுக்கா."

வந்த ஆத்திரத்துக்கு அறைந்திருப்பேன். யார்டா கேட்டது உன் பெருந்தன்மைய? எனக்காகப் பொய் சொல்ல நான் என்ன செத்தா போயிட்டேன்?

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கோபிநாத்துக்கும் ஃபோன் போட்டுச் சொன்னேன். "நானும் சொல்லியிருக்கணும்மா" என்றான். புகார்த் தாளைக் கிழித்துப் போட்டேன். அம்மா என்னோடு பேசவில்லை.

23 ஜூன்
அம்மா இன்னும் பேசவில்லை.

28 ஜூலை, திங்கள்
செல்வகுமார் ஊன்றுகோலோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து நாள் முழுக்க என்னிடம் வேலை வாங்கினான். நாலு முறை எனக்குப் பதில் வாய்வரை வந்தது, விழுங்கினேன்.

மதியம் ஒரு வண்டி வந்தது. பழக்கத்தில் சாவியை அவனிடம் நீட்டிவிட்டேன். "காலுக்கு இன்னும் பிரேக்கு தெரியலக்கா. நீ ஓட்டு" என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஓட்டிவிட்டு வந்து, எங்கே என்ன சத்தம் என்று ஒன்று விடாமல் அவனிடம் சொன்னேன். அவன் யோசித்து, எதைக் கழற்றுவது என்றான். அதைக் கழற்றினேன்.